ஆறாம் குழியின் மூடி

இது நடந்தது. யாரோ சொல்ல நான் கேட்டதல்ல. என் வலது கையால் நான் செய்த காரியம் ஒன்று இதில் வருகிறது. அது பொய்யாக இருந்திருந்தால் எனக்குத்தான் முதலில் நிம்மதி.

பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணி என்று நினைத்துக்கொண்டு படிக்க உட்காராதீர்கள். நடந்தது பட்டப்பகலில். மத்தியானம் ஒன்று பன்னிரண்டுக்கும் இரண்டு ஐந்துக்கும் நடுவே. வெளியே வெயில்கூட அடித்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி மாதம் எங்கள் பள்ளத்தாக்கில் வெயில் என்பது திருவிழா மாதிரி.

நாங்கள் மூன்று பேரும் சுரங்கத்துக்குள் இருந்தோம். அங்கே பகல் கிடையாது.

வேல்ஸ் மலையில் எங்கள் ரயில் பாதை அந்தக் காலத்தில் கூரை வேய்கிற ஓட்டுக்கல் இறக்குவதற்காகப் போட்டது. கல்லுடைப்பு நின்றதும் பாதையை மூடிவிட்டார்கள். முப்பது வருஷம் புல் முளைத்துக் கிடந்ததை ஊர்க்காரர்களாகச் சேர்ந்து, சம்பளம் வாங்காமல், திரும்ப ஓட வைத்தோம். கோடையில் நீராவி வண்டி ஓடும். குளிர்காலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ரிப்பேர் பார்ப்போம். வருகிறவர்கள் எல்லாரும் எஞ்சினைத் தொட்டுப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். வடிகாலை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் தண்ணீர் வடியாவிட்டால் தண்டவாளம் இரண்டு மழைக்குத் தாங்காது. முப்பத்தெட்டு வருஷம் ரோட்டோரம் வாய்க்கால் வெட்டிப் பிழைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. அதனால் வடிகால் கோஷ்டியில் சேர்ந்துகொண்டேன்.

எங்கள் ஊரில் பேரோடு தொழிலையும் ஒட்டித்தான் கூப்பிடுவார்கள். நான் வாய்க்கால் எம்லின். எங்கள் கோஷ்டியின் தலைவி தீவனக்கடை மென்னா. ஐம்பது வயது, என்னைவிட அதிகம் தூக்குவாள். மூன்றாவது ஆள் மால்கம். பர்மிங்காம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி இங்கே வீடு வாங்கி வந்தவர். சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவரை வாத்தியார் என்று கூப்பிட்டோம்.

வாத்தியாருக்கு எங்கள் வெல்ஷ் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. அதை நாங்கள் வசதியாக எடுத்துக்கொண்டோம். அவர் முகத்துக்கு நேரே, சிரித்த முகமாக, எங்கள் மொழியில் திட்டுவோம். அன்றைக்குக் காலையில்கூட அவர் பூட்ஸ் நிறையத் தண்ணீரோடு நின்றபோது, "நனைஞ்ச கிழட்டு ஆடு மாதிரி இருக்காரு, சந்தைக்குக் கொண்டுபோனா சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டான்" என்றாள் மென்னா. அவர் ஏதோ நல்ல வார்த்தை என்று நினைத்து நன்றி சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

எனக்கு அவர்மேல் தனியாகவும் ஒரு கடுப்பு இருந்தது. நான் நாற்பத்தேழு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவன். வேலைப் புத்தகத்தில் நான் எழுதிவைத்த நாலு வரியை அவர் சிவப்பு மையால் திருத்திவிட்டார். கெட்ட எண்ணமில்லை, பழக்கதோஷம். ஆனால் எல்லாரும் பார்த்தார்கள்.

ஆறாம் குழிக்கு யார் போவது என்று மென்னா கேட்டபோது, "வாத்தியார் போகட்டும்" என்று நான்தான் சொன்னேன்.

சுரங்கம் முந்நூறு கெஜம். ஒற்றைப் பாதை. பாதையோரம் தரைக்கடியில் ஒன்பது அங்குல மண் குழாய் ஓடுகிறது. முப்பது கெஜத்துக்கு ஒரு குழி. குழிக்கு வார்ப்பிரும்பு மூடி. ஐந்தாம் குழிக்கும் ஆறாம் குழிக்கும் நடுவில் அடைப்பு. அதற்கு மேட்டில், எங்கள் பக்கம், ஜல்லியை மூடிக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீர் தேங்கி நின்றது. ஐந்தாம் குழியில் நானும் மென்னாவும். ஒரு கெஜக் கழிகளை ஒன்றோடு ஒன்று மரை முறுக்கிக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஆறாம் குழி எட்டடி ஆழம். அதில் வாத்தியார் இறங்கி, வந்து விழுகிற சேற்றை அள்ளிப் போட வேண்டும். அள்ளாவிட்டால் அந்தக் குழியிலிருந்து தண்ணீர் வெளியே போகிற வாய் அடைத்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் மாறவே கூடாது. குழிக்குள் ஆள் இருக்கும்போது கழி அசையக் கூடாது. அடைப்பு உடைந்தால் அவ்வளவு தண்ணீரும் ஒரே மூச்சில் வரும். கீழே நிற்கிறவன் செத்தான்.

நடுவில் வளைவு. ஒரு குழியிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாது. கூப்பிட்டால் குரல் சுவரில் மோதி நாலாக உடைந்துபோகும். போனும் எடுக்காது. அதனால் சுத்தியலால் தண்டவாளத்தில் தட்டுவது எங்கள் வழக்கம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இழு. மூன்று என்றால், நான் மேலே ஏறிவிட்டேன், தள்ளு.

மதியச் சாப்பாடு முடிந்து 1:12க்கு ஆரம்பித்தோம். ஆறாம் குழியின் மூடியை நானும் மென்னாவும் ஆளுக்கொரு சாவி, அதாவது மூடி தூக்குகிற நீள இரும்புக் கம்பி, போட்டுத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். ஒருவரால் அசைக்க முடியாத கனம். சாவி இரண்டையும் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு ஐந்தாம் குழிக்குத் திரும்பிவிட்டோம்.

பத்தொன்பதாவது கழியில் தட்டுப்பட்டது. மெத்தென்று இருந்தது. வேர் என்று நினைத்தேன். அழுத்த அழுத்த உள்ளே போனது.

முப்பது கெஜக் குழாய். முப்பது கழி போனால் மறுபக்கம் முனை தெரிய வேண்டும். மென்னா சத்தமாக எண்ணிக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள்.

முப்பத்தொன்று. முப்பத்திரண்டு…

முப்பத்தாறு.

மறுபக்கத்திலிருந்து சத்தமே இல்லை. 1:26க்கு மென்னா நேரில் பார்த்துவரப் போனாள். நான் தனியாக நின்றேன். விரல் மரத்துப்போனதால் கழியை விட்டுவிட்டுக் கையை ஊதினேன்.

கழி நகர்ந்தது.

உள்பக்கமாக. ஒரு சாண் அளவு. நின்றது. மறுபடியும் ஒரு சாண். தூண்டிலில் மீன் ருசி பார்க்கிற மாதிரி. நான் பிடித்தால் நின்றுவிடும். விட்டால்… நகரும்.

1:32க்கு மென்னா திரும்பினாள். முனை அங்கே வரவேயில்லையாம். வாத்தியார் குழியோரம் நடுங்கிக்கொண்டு நிற்கிறாராம். நாங்கள் ஓயாமல் ஒரு தட்டு, ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே இருந்தால் அவர் என்னதான் செய்வது என்று கோபித்துக்கொண்டாராம்.

"நீ தட்டினியா?" என்று கேட்டாள்.

"நான் சுத்தியலைத் தொடவேயில்ல."

கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் கேட்டு ஏமாந்திருப்பார் என்று முடிவு கட்டினாள். வாத்தியாருக்குக் காதிலும் தண்ணீர் புகுந்துவிட்டது என்றாள். கழி நகர்ந்ததைச் சொன்னேன். தண்ணீர் உறிஞ்சியிருக்கும் என்றாள்.

அடைபட்ட குழாய் உறிஞ்சாது. அது எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். ஆனாலும் அவளோடு சேர்ந்து கழியைப் பிடித்தேன்.

இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பத்துக் கழி பின்னால் இழுத்தோம். காத்திருந்தோம்.

1:41.

டங்… டங்… டங்.

மூன்று. அளந்து வைத்த மாதிரி மூன்று. வாத்தியாருக்குச் சுத்தியல் பிடிக்க வராது. அவர் தட்டினால் ஒன்று பலமாக விழும், மற்றது வழுக்கும். இது தொழிலாளி தட்டு.

"பரவாயில்லையே, வாத்தியார் தொழில் கத்துக்கிட்டாரு" என்றேன்.

இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினோம். ஒரு தள்ளு. இரண்டு. மூன்றாவதில் விட்டுக்கொடுத்தது. குழாய்க்குள் ஏப்பம் விட்ட மாதிரி ஒரு சத்தம். காலடித் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. மென்னா என் முதுகில் தட்டினாள். இருபது நாளாக நின்ற தண்ணீர் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

டங்… டங்… டங்.

சந்தோஷத்தில் தட்டுகிறார் என்று நினைத்தோம். நான் ஒரு தட்டு கொடுத்தேன், போதும் என்று.

டங்… டங்… டங்.

சிறிது இடைவெளி. மறுபடியும் மூன்று.

மென்னா கிளம்பலாம் என்றாள். நான்தான் அவளை உட்கார வைத்தேன். "குளிர்ல கொஞ்சம் நிக்கட்டும். சிவப்பு மை காயட்டும்" என்றேன். அவளும் சிரித்தாள். பிளாஸ்கைத் திறந்தாள். தள்ளுவண்டியின்மேல் உட்கார்ந்து டீ குடித்தோம். நேரம் 1:44.

மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. நாங்கள் குடித்த நேரம் முழுக்க.

நான் இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

அப்போது என் கால் தண்டவாளத்தின்மேல் இருந்தது. தட்டினால் இரும்பு அதிர வேண்டும். உள்ளங்காலில் தெரிய வேண்டும்.

அதிரவில்லை.

டங்… டங்… டங்.

சத்தம் தண்டவாளத்தில் இல்லை. கீழே இருந்தது. குழாய்க்குள்.

நான் மென்னாவைப் பார்த்தேன். அவள் கோப்பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். 1:50.

வளைவு தாண்டியதும் தலைவிளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது.

ஆறாம் குழி மூடியிருந்தது.

அந்த மூடி. நாங்கள் இரண்டு பேர் தூக்கிய மூடி. அது தன் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. சுற்றி விளிம்பிலிருந்து தண்ணீர் கசிந்தது. வாத்தியார் மேலே இல்லை. அவருடைய சுத்தியல் மட்டும் சுவரோரம் காய்ந்து கிடந்தது.

மூடியில் சாவி போட இரண்டு ஓட்டை உண்டு. மூன்று விரல் நுழையும் அகலம். ஒன்றின் வழியாக இரண்டு விரல் வெளியே நீண்டிருந்தது.

வெள்ளையாக. அசைந்துகொண்டு.

மென்னா மண்டியிட்டு அந்த விரல்மேல் தன் விரலை வைத்தாள். ஆறுதலுக்கு. அவை அவள் விரலைக் கொக்கி மாதிரி வளைத்துப் பிடித்தன. அவள் பயத்தில் எங்கள் மொழியிலேயே கத்தினாள், பொறுத்துக்கோங்க வாத்தியாரே, இதோ திறக்கிறோம் என்று.

உள்ளேயிருந்து குரல் வந்தது. தணிந்த குரல்.

"அவசரமில்ல, மகளே. மெதுவா வா."

நான் சாவிக்கு ஓடினேன். சாவி ஐந்தாம் குழியில். முப்பது கெஜம் போக, முப்பது கெஜம் வர. ஈர ஜல்லி. ஒருமுறை விழுந்தேன். 1:53க்குத் திரும்பினேன்.

ஓர் ஓட்டையில் சாவியைப் போட்டுத் திருகினேன். மற்ற ஓட்டையில் விரல்.

மென்னா கெஞ்சினாள். "விடுங்க வாத்தியாரே. சாவி போடணும். விட்டாத்தான் திறக்க முடியும்."

விடவில்லை.

அவள் விரலை உள்ளே இழுத்தது. அவள் முகம் இரும்பில் போய் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் ஓட்டை வழியாகப் பொங்கி அவள் வாயில் நுழைந்தது.

ஒற்றைச் சாவியால் நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை.

"எம்லின்…" என்றாள். அவ்வளவுதான்.

நான் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது.

சாவியைத் தலைகீழாகப் பிடித்தேன். ஓங்கி அந்த விரல்களில் அடித்தேன். உள்ளே சாகக் கிடக்கிற மனுஷனின் விரலில்.

ஒன்று.

இரண்டு. ஈரக் குச்சி முறிகிற சத்தம்.

மூன்று.

விரல் உள்ளே போய்விட்டது.

சாவி போட்டோம். தூக்கினோம். 1:58.

குழி விளிம்புவரை கறுப்புத் தண்ணீர். மேலே யாரும் இல்லை. கை இல்லை. தலை இல்லை. ஒரு குமிழிகூட இல்லை.

நான் உள்ளே இறங்கினேன். படியைப் பிடித்துக்கொண்டு காலால் துழாவினேன். மார்புவரை. கழுத்துவரை. மூழ்கினேன். கடைசிப் படிக்கும் கீழே, அடித்தரையில், என் பூட்ஸ் ஒரு முதுகைத் தொட்டது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மூச்சு வாங்க மேலே வந்து மறுபடி மூழ்கினேன். மூன்று முறை. ஏதோ அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி அவர் வரவேயில்லை.

2:05க்கு மென்னா போன் எடுக்கும் இடம் தேடி வெளியே ஓடினாள். நான் குழியோரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது தட்டுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. சத்தத்தைவிட அதுதான் பயமாக இருந்தது.

தீயணைப்பு வண்டி வந்து, தண்ணீரை இறைத்து, அவரை வெளியே எடுக்க மாலை ஐந்து மணி ஆனது. என்னை முன்னமே ஆம்புலன்ஸில் கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் எனக்கு உறைத்தது. மூடிக்குள்ளிருந்து வந்த குரல் எங்கள் மொழியில் பேசியது. வாத்தியாருக்குத் தெரியாத மொழியில்.

ஏழு வாரம் கழித்து மரண விசாரணை. நான் ஒன்றையும் மறைக்கவில்லை. மூன்று தட்டு கேட்டுத் தள்ளியதைச் சொன்னேன். டீ குடித்ததைச் சொன்னேன். இரண்டாவது கோப்பையையும் சொன்னேன். விரலை அடித்து உடைத்ததைச் சொன்னேன். என்னைப் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று ஒரு பையில் துணியெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாத்தியாரின் மனைவி முன்வரிசையில் இருந்தார். விசாரணைக்கு முந்தின நாள் அவர் என்னிடம் வந்து, காப்பாற்றப் பார்த்ததற்கு நன்றி என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வலது கையை. இப்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரம்மா எழுந்தார். தாளைப் புரட்டினார். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

வாத்தியாரின் இரண்டு கையும் தோள்வரை குழாய்க்குள் போயிருந்ததாம். புட்டிக்குள் தக்கை இறுகின மாதிரி. எங்கள் கழியின் முனையைப் பத்து விரலாலும் பிடித்திருந்தாராம். குழாயை உடைத்துத்தான் வெளியே எடுத்திருக்கிறார்கள். தண்ணீர் வந்த நிமிஷத்திலிருந்து அவரால் கையை அசைத்திருக்கவே முடியாதாம். அதிகம் போனால் மூன்று நிமிஷம் உயிர் இருந்திருக்கும். அதாவது நாங்கள் பிளாஸ்கைத் திறந்த நேரத்தோடு சரி.

"விரல்ல ஒரு கீறல்கூட இல்ல" என்றார். "நீங்க யாரை அடிச்சீங்க?"

நான் என் வலது கையை மடியில் மறைத்துக்கொண்டேன்.

மூடியை யார் போட்டது என்று விசாரணை அதிகாரி கேட்டார். இரண்டு சாவியும் எங்களிடம். மூடி தொண்ணூறு கிலோ. தெரியவில்லை என்று எழுதிக்கொண்டார். தட்டுச் சத்தம், விரல் எல்லாம் அதிர்ச்சியில் ஏற்பட்ட குழப்பம் என்று எழுதிக்கொண்டார். விபத்து என்று முடித்தார். என் பையோடு நான் வெளியே வந்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் மென்னா நின்றிருந்தாள். அவளுடைய வலது சுட்டுவிரல் அன்றிலிருந்து மடங்குவதில்லை. அதைத் தடவிக்கொண்டே நின்றாள். முகம் மூடியில் ஒட்டியிருந்ததால் எதையும் பார்க்கவில்லை என்றுதான் உள்ளே சாட்சி சொல்லியிருந்தாள். நான் பக்கத்தில் வந்ததும் பேசினாள்.

"நீ அடிச்சப்போ அந்த விரல் என்னைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு எம்லின். குலுங்குச்சு. ஒவ்வொரு அடிக்கும் குலுங்குச்சு. பாவம், அழுறாருன்னு நினைச்சேன்."

நான் அவள் கையைப் பார்த்தேன்.

"அழல" என்றாள். "சிரிச்சுது."